ஐந்தாம் படுக்கைக்கு மட்டும் காய்ச்சல் இல்லை

அத்தியாயம் 6

மார்ச் 11, செவ்வாய்க்கிழமை, காலை 10.40. மருத்துவமனையின் ஆறாவது மாடியில் இருந்த நெடுநாள் சிகிச்சைப் பிரிவின் கண்ணாடிக் கதவு வெளிப்பக்கமாகப் பூட்டப்பட்டது. உள்ளே பதினொரு பேர் இருந்தார்கள்.

ஆறு பேர் நோயாளிகள். ஒரு டாக்டர், இரண்டு நர்சுகள். மீதி இரண்டு பேர் பத்து நிமிடத்துக்கு முன்புதான் வந்தவர்கள்: ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு பெண் துப்பறிவாளர், அவருடைய உதவியாளன். அவனைத் தெரிந்தவர்கள் தந்தி என்றுதான் கூப்பிடுவார்கள். எந்தச் செய்தியும் அவன் வாயில் ஒரு நிமிடத்துக்கு மேல் தங்கியதில்லை.

"மேடம், கதவைப் பூட்டிட்டாங்க."

"பார்த்தேன்."

"வெளியிலேர்ந்து பூட்டியிருக்காங்க."

"அதையும் பார்த்தேன்."

"குத்தவாளியைப் பிடிச்சு உள்ளே தள்றதுதானே நம்ம தொழில்? இங்கே நம்மளை முதல்ல தள்ளிட்டாங்களே."

கதவின் பக்கத்தில் இருந்த ஒலிபெருக்கிப் பெட்டி கரகரத்தது. மருத்துவமனை இயக்குநரின் குரல்.

"நாலு மணிக்கு சுகாதாரத் துறை அதிகாரிங்க வர்றாங்க மேடம். அதுவரைக்கும் ஒரு ஆளும் வெளியே போக முடியாது, ஒரு பொருளும் உள்ளே வராது. நாலு மணிக்குள்ள எனக்கு ஒரு பேர் வேணும்."

பெட்டி அடங்கியது. நர்சுகளின் மேஜையில் சாய்ந்து நின்ற இளம் பெண் டாக்டர் முகக்கவசத்தைச் சரிசெய்தபடி சொன்னார். "இது காத்துல பறக்கிற கிருமி இல்லை. கதவைப் பூட்டி ஒரு பிரயோஜனமும் இல்லைன்னு அவர்கிட்ட மூணு தடவை சொல்லிட்டேன்."

"பிறகு எதுக்குப் பூட்டினார்?"

"பயம்தான்."

டாக்டர் அந்தப் பிரிவின் தொற்று நோய்களைக் கவனிப்பவர். விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னார். ஏழு படுக்கைகளில் ஐந்து பேருக்குக் குடல் வேலை செய்யவில்லை. சாப்பாடு வாய் வழியாக இறங்காது. கழுத்துப் பக்கத்துப் பெரிய ரத்தக் குழாயில் மெல்லிய பிளாஸ்டிக் குழாயைச் செருகி, அதன் வழியாகச் சத்துத் திரவத்தை ஏற்றுகிறார்கள். பால் போல வெள்ளையாக இருக்கும் அந்தத் திரவம் பைகளில் வருகிறது. இந்த ஐந்து பேரில் நான்கு பேருக்கு மூன்று வாரங்களுக்குள் ரத்தத்தில் பூஞ்சை. ஒன்று, இரண்டு, நான்கு, ஆறு என்று படுக்கை எண்களைச் சொன்னார். இரண்டாம் படுக்கையில் இருந்த பஸ் டிரைவர் போன வெள்ளிக்கிழமை இறந்துவிட்டார். அந்தப் படுக்கை இப்போது காலி.

"பூஞ்சைன்னா ரொட்டியில பூக்குமே, அதுவா?" என்றான் தந்தி.

"அதுக்கு ஒண்ணுவிட்ட தம்பி. பிளாஸ்டிக்ல ஒட்டிக்கிட்டா பாசி மாதிரி படர்ந்துடும். மருந்து ஏத்தினா மேல இருக்கிறது சாகும், அடியில இருக்கிறது சாகாது. அதனால முதல்ல குழாயை உருவிடணும். அப்புறம் மருந்து. ஒரு நாள் விட்டு ஒரு நாள் ரத்தம் எடுத்துப் பார்க்கணும். ரத்தம் சுத்தமான நாள்லேர்ந்து பதினாலு நாள் மருந்தை விடக்கூடாது. கண்ணுக்குள்ள போயிருக்கான்னும் பார்க்கணும்."

"செஞ்சீங்களா?"

"எல்லாம் செஞ்சேன். ஒண்ணாம் நம்பருக்கு ரத்தம் சுத்தமாச்சு. புதுக் குழாய் போட்டேன். எட்டாம் நாள் மறுபடியும் அதே பூஞ்சை." டாக்டர் குரலைத் தாழ்த்தினார். "அவருக்கு இன்னும் போட இடம் இருக்கு. ஆறாம் நம்பருக்கு இல்லை."

ஆறாம் படுக்கையில் ஒரு தையல்காரம்மா. நாற்பத்தைந்து வயது. குடலுக்குப் போகும் குழாயில் ரத்தம் கட்டியதால் குடலின் பெரும்பகுதியை வெட்டி எடுத்துவிட்டார்கள். இரண்டு வருடமாகக் குழாய்ச் சாப்பாடு. கழுத்தில் இரண்டு பக்கமும், தோளுக்குக் கீழே இரண்டு பக்கமும் குழாய் போட்டுப் போட்டு ரத்தக் குழாய்கள் அடைத்துவிட்டன. பூஞ்சை பிடித்த கடைசிக் குழாயைச் சனிக்கிழமை உருவினார்கள். இப்போது கையில் ஒரு சின்ன ஊசி வழியாகப் பூஞ்சை மருந்தும் கொஞ்சம் குளுக்கோசும் மட்டும்.

"ஞாயித்துக்கிழமை எடுத்த ரத்தத்துல இதுவரைக்கும் எதுவும் வளரல. இன்னிக்கே சாப்பாடு ஏத்த ஆரம்பிக்கணும், இல்லேன்னா உடம்பு தாங்காது. வலது தொடையில ஒரே ஒரு இடம் பாக்கி. பூஞ்சை எங்கேர்ந்து வருதுன்னு தெரியாம அங்கே குழாய் போட்டு, அதுவும் போச்சுன்னா..." டாக்டர் ஆறாம் படுக்கையின் பக்கம் திரும்பினார்.

துப்பறிவாளர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். முகக்கவசத்துக்குள்ளிருந்து வரும் மூச்சில் அது நிமிடத்துக்கு ஒரு முறை பனித்தது. "அஞ்சாம் நம்பருக்கு?"

"காய்ச்சல் இல்லை. ஒரு நாள்கூட வந்ததில்லை. ஏன்னு எனக்குத் தெரியாது."

சாவிக்கொத்துச் சத்தம் கேட்டது. தலைமை நர்ஸ் வந்துகொண்டிருந்தார். பெரிய சிஸ்டர் என்றால் அந்த மாடி முழுவதும் முதுகை நிமிர்த்தும். இடுப்பில் ஏழெட்டுச் சாவிகள்.

"இதுல துப்பறிய ஒண்ணும் இல்லைம்மா," என்றார். "நாலு பேருக்கும் காய்ச்சல் வந்தப்போ டியூட்டியில இருந்தவ சின்ன சிஸ்டர்தான். பையை மாட்டுறதும் அவதான். கை சுத்தம் போதாது. துணி ரூம்ல உட்கார வெச்சிருக்கேன்."

"உட்கார வெச்சீங்களா, பூட்டி வெச்சீங்களா?"

"ஆளாளுக்குக் கேள்வி கேட்டுப் பயமுறுத்துவாங்க. அவ நல்லதுக்குத்தான்."

தந்தி துப்பறிவாளரின் காதருகே வந்தான். "பூட்டுக்குள்ள பூட்டு மேடம். இந்த வார்டுல பாத்ரூம் போனாக்கூட நான் தாழ்ப்பாள் போட மாட்டேன்."

துணி அறையில் ஜன்னல் இல்லை. படுக்கை விரிப்பு மூட்டை ஒன்றின் மேல் இருபத்து நான்கு வயதுப் பெண் உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்த முகம்.

"கை கழுவுவியாம்மா?" என்று கேட்டார் துப்பறிவாளர்.

சின்ன சிஸ்டர் இரண்டு கைகளையும் நீட்டினாள். விரல் மடிப்புகள் வெடித்திருந்தன. "பெரிய சிஸ்டர் இருக்கிற வார்டுல கழுவாம இருக்க முடியுமா மேடம்? பக்கத்துல நின்னு நாப்பது எண்ணுவாங்க. அவங்க கை என் கையைவிட மோசமா வெடிச்சிருக்கும்."

"யார் யாருக்குப் பை மாட்டுவே?"

"அஞ்சு பேருக்கும்."

"அஞ்சாம் நம்பருக்குமா?"

"அவருக்கும்தான். அங்கே எனக்குத் தினமும் பரீட்சை மேடம்."

துப்பறிவாளர் வெளியே வந்து கதவைத் திறந்தபடியே விட்டார். பெரிய சிஸ்டர் புருவத்தை உயர்த்தினார்.

"கவனிச்சியா தந்தி? அந்தக் கை தொட்டது அஞ்சு பேரை. காய்ச்சல் வந்தது நாலு பேருக்கு. கையில குத்தம்னா அஞ்சாவது ஆள் எப்படித் தப்பிச்சார்?"

"அவரைக் கடிச்ச பூஞ்சை செத்திருக்கும் மேடம். ஆளைப் பார்த்தீங்களா?"

ஐந்தாம் படுக்கையில் இருந்தவர் எடைக்கல், தராசுகளைச் சோதிக்கும் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். கழுத்துவரை கம்பளி போர்த்தி உட்கார்ந்திருந்தார். வந்தவர்களின் அடையாள அட்டைகளை வாங்கி இரண்டு பக்கமும் பார்த்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

"முப்பத்திரண்டு வருஷம் சர்வீஸ். நான் யாரையும் நம்பறதில்லை. என் பையை என் கண்ணு முன்னால ஃபிரிட்ஜ்லேர்ந்து எடுக்கணும். இந்தப் படுக்கையிலேர்ந்து பார்த்தா ஃபிரிட்ஜ் நேரா தெரியும். அதுக்காகவே ரெண்டு வாரம் சண்டை போட்டு இந்த இடம் வாங்கினேன். பை நேரா இங்கே வரணும். சீல் பார்ப்பேன், தேதி பார்ப்பேன், நாலு சொட்டு குறைஞ்சாலும் கண்டுபிடிப்பேன். அப்புறம்தான் மாட்டலாம்."

"மத்தவங்களுக்கு எப்படி எடுக்கிறாங்க?"

"மத்தவங்க எப்படிப் போனா எனக்கென்ன? பெரிய சிஸ்டர் முன்னாடியே எடுத்துக்கிட்டு உள்ளே போவாங்க. ஃபிரிட்ஜ் சாவி அவங்ககிட்ட மட்டும்தான். நான் என் பையை விடமாட்டேன்."

"உங்க மேல யாருக்கும் கோபம் இல்லையா சார்?" என்றான் தந்தி.

"எல்லாருக்கும்தான். நடுவுல பேசாதே. அந்தக் கம்பளியைக் கொஞ்சம் மேல இழு."

தந்தி இழுத்தான். அதற்கு அடியில் இன்னொரு கம்பளி இருந்தது. "சாரு டபுள் பேக்கிங்ல இருக்கார் மேடம்," என்று முணுமுணுத்தான்.

துப்பறிவாளர் சிரிக்கவில்லை. மற்ற படுக்கைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். எல்லாவற்றிலும் ஒரே ஒரு கம்பளி.

மேஜையில் ஐந்து கேஸ் ஷீட்டுகளையும் பரப்பிக்கொண்டார்கள். அந்த வார்டில் ஒரு வழக்கம். பையை மாட்டுவதற்கு முன் அதன் மேல் இருக்கும் லேபிளை உரித்து, நோயாளியின் கேஸ் ஷீட்டில் அன்றைய தேதிக்கு நேராக ஒட்டிவிட வேண்டும். யாருக்கு எந்தப் பை போனது என்பதற்கு அதுதான் சாட்சி. பக்கம் பக்கமாக லேபிள்கள்.

"ஆல்பம் மாதிரி இருக்கு," என்றான் தந்தி. "தபால் தலை சேர்க்கிறவன் பார்த்தா சொத்தை எழுதி வெச்சிடுவான்."

துப்பறிவாளர் பக்கங்களின் மேல் விரலை ஓட்டினார். ஐந்தாம் நம்பரின் தாளில் விரல் வழுக்கிக்கொண்டு போனது. ஆறாம் நம்பரின் தாளில் ஒவ்வொரு லேபிளிலும் தட்டியது. மறுபடி ஓட்டினார். ஒன்று, இரண்டு, நான்கு ஆகியவற்றையும் எடுத்தார்.

"இதுல எல்லாம் செலோ டேப் ஒட்டியிருக்கு. அஞ்சாம் நம்பர்ல மட்டும் டேப் இல்லை. ஏன்?"

சின்ன சிஸ்டர் துணி அறை வாசலில் நின்று எட்டிப் பார்த்தாள். "அந்த லேபிள் எல்லாம் நிக்காது மேடம். பசை போயிடும். ஃபிரிட்ஜ்லேர்ந்து வெளியே எடுத்து வெச்சா பைக்கு வேர்க்கும்ல, அதனால."

"அப்படியா? பார்த்துடலாம்."

பெரிய சிஸ்டரிடம் கேட்டு ஃபிரிட்ஜைத் திறந்தார்கள். உள்ளே எங்கும் ஒழுகல் இல்லை. தட்டுகள் காய்ந்திருந்தன. தையல்காரம்மாவின் பெயரில் சனிக்கிழமை வந்து, மாட்டப்படாமல் தங்கிவிட்ட ஒரு பையை எடுத்து மேஜை மேல் வைத்தார் துப்பறிவாளர். மணி 12.10.

"என்ன செய்யப் போறோம்?"

"ஒரு மணி நேரம் இது வேர்க்கிறதை வேடிக்கை பார்க்கப் போறோம்."

அந்த ஒரு மணி நேரம் தந்திக்குத்தான் கஷ்டமாக இருந்தது. ஜன்னல்களைத் திறக்கும் வசதி இல்லை. கண்ணாடிக்கு அப்பால், ஆறு மாடி கீழே, ஆட்கள் குடை பிடித்துக்கொண்டு தெருவைக் கடந்தார்கள். மழையின் சத்தம்கூட உள்ளே வரவில்லை. சுவரிலிருந்து சுவருக்கு நடந்தான். இருபத்திரண்டு அடி. திரும்பி நடந்தான். இருபத்தொன்று.

"மேடம், ரூம் சுருங்குது."

"உன் கால் நீளுது. உட்கார்."

ஒன்று இருபதுக்கு லேபிளைத் தொட்டுப் பார்த்தார்கள். பை முழுவதும் முத்து முத்தாக நீர். லேபிளின் மேற்பரப்பு நனைந்திருந்தது. தந்தி நகத்தால் ஓரத்தைக் கிளப்பிப் பார்த்தான். தானாகக் கிளம்பவில்லை. இழுத்தான். லேபிள் முழுதாக உரிந்து வந்தது; ஒரு தாளில் வைத்து அழுத்தியதும் டேப் இல்லாமலே ஒட்டிக்கொண்டது.

"வேர்வைக்குப் பசை போகாது," என்றார் துப்பறிவாளர். "அடியில இருக்கிற பசை ஊறிப் போகணும்னா என்ன பண்ணணும்?"

"எங்க அம்மா ஊறுகாய் பாட்டில் லேபிளை எடுக்கிற மாதிரி பண்ணணும். தண்ணியில முக்கி வைக்கணும்." சொன்ன பிறகுதான் தந்திக்கு அவன் சொன்னது உறைத்தது. "யாரு மேடம் சாப்பாட்டுப் பையைத் தண்ணியில போடுவாங்க? விஷம் வைக்கிறவன்கூட அப்படிச் செய்ய மாட்டானே."

"விஷம் வைக்கிறவன் செய்ய மாட்டான். அதனாலதான் நாம அந்தப் பக்கம் பார்க்கல." மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "ரெண்டு கம்பளி யாருக்கு?"

"அஞ்சாம் நம்பருக்கு."

"பை ஜில்லுனு நேரா நெஞ்சுக்குப் பக்கத்துல இறங்குது. அவர் நடுங்கறார். மத்தவங்க ஏன் நடுங்கல?"

தந்தி மற்ற படுக்கைகளில் இருந்த ஒற்றைக் கம்பளிகளைத் திரும்பிப் பார்த்தான்.

தையல்காரம்மா விழித்திருந்தார். கன்னம் ஒட்டி, கண்கள் மட்டும் பெரிதாகத் தெரிந்தன. கை விரல்கள் போர்வையின் ஓரத் தையலைத் தடவிக்கொண்டே இருந்தன. துப்பறிவாளர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இரண்டடி தள்ளி பெரிய சிஸ்டர் மருந்து பாட்டிலை மாற்றிக்கொண்டிருந்தார்.

"ஒரே ஒரு கேள்விம்மா. சாப்பாடு ஏறும்போது உங்களுக்குக் குளிருமா?"

விரல்கள் நின்றன. "இல்லைம்மா."

"எப்பவுமே குளிர்ந்ததில்லையா?"

"முன்னாடி குளிரும். பல்லு கட்டிக்கும். இப்ப ரெண்டு மாசமா இல்லை."

"ரெண்டு மாசத்துக்கு முன்னாடி என்ன மாறிச்சு?"

தையல்காரம்மா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். "எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா. என்னை விட்டுடுங்க."

"விட்டுட்டா, இன்னிக்குச் சாயங்காலம் உங்க தொடையில போடற குழாயும் கெட்டுப்போகும். அதுக்கப்புறம் வேற இடம் இல்லைன்னு டாக்டர் உங்ககிட்ட சொன்னாங்களா?"

"சொன்னாங்க."

"தெரிஞ்சும் யாரைக் காப்பாத்தறீங்க?"

"எனக்கு நல்லது செஞ்சவங்களை நான் காட்டிக்கொடுக்க மாட்டேன்." குரல் சின்னதாக இருந்தது, ஆனால் உடையவில்லை. "ஒண்ணாம் நம்பர் அண்ணனும் சொல்ல மாட்டார். போயிட்டாரே டிரைவர், அவரும் சொல்லல. அதுக்கும் காய்ச்சலுக்கும் சம்பந்தமே இல்லைம்மா. வெளியே தெரிஞ்சா ரூல் மீறினதா வேலை போயிடும். அவ்வளவுதான் விஷயம்."

துப்பறிவாளர் கேஸ் ஷீட்டைத் திறந்து போர்வை மேல் வைத்தார். "இந்த லேபிள் எல்லாம் ஊறியிருக்கு. பையோட வாய் இருக்கிற பக்கமும் சேர்ந்துதான் ஊறியிருக்கும்."

கண்ணாடி பாட்டில் ஒன்று தட்டில் மோதும் சத்தம் கேட்டது. பெரிய சிஸ்டர் அதைக் கீழே விடவில்லை. கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"வாய்க்கு ரப்பர் மூடி இருக்கு," என்றார்.

யாரும் அவரைக் கேட்கவில்லை.

டாக்டர் மெதுவாகத் திரும்பினார். "மூடிக்கு அடியில பள்ளம் இருக்கு சிஸ்டர். அங்கே தண்ணி நிக்கும். மேல துடைச்சா போகாது. ஊசி அது வழியாத்தான் உள்ளே போகுது."

பெரிய சிஸ்டர் நடந்து கழுவும் அறைக்குள் போனார். சாவி திரும்பும் சத்தம். திரும்பி வந்தபோது கையில் ஒரு நீல பிளாஸ்டிக் டப் இருந்தது. பாதி அளவு தண்ணீர். ஓரத்தில் கோடு போல ஒரு வழவழப்பு.

"ஜனவரியிலேர்ந்து," என்றார். "ஏசியைக் குறைக்கச் சொல்லி நாலு தடவை எழுதிக் கொடுத்தேன். குறைக்கல. இந்தம்மாவுக்கு உதடு நீலமாயிடும். டிரைவர் அண்ணன் பல்லைக் கடிச்சுக்கிட்டுப் படுத்திருப்பார். வெந்நீர்ல அரை மணி நேரம் போட்டு, துடைச்சு, மேஜையில வெச்சிடுவேன். சின்னவளுக்குத் தெரியாது. தெரிஞ்சா அவளும் செய்வா, ரூல் கெட்டுடும்னு நினைச்சேன்."

"தண்ணியை எப்ப மாத்துவீங்க?"

"தினமும் காலையில."

"டப்பைத் தேய்ச்சுக் கழுவுவீங்களா?"

பெரிய சிஸ்டர் டப்பைப் பார்த்தார். பிறகு தன் கைகளைப் பார்த்தார். புறங்கை முழுவதும் தோல் வெடித்து வெள்ளையாக இருந்தது. "கையைத்தான் கழுவினேன்," என்றார்.

"அஞ்சாம் நம்பருக்கும் செய்யலாம்னு பார்த்தேன்," என்று தொடர்ந்தார். "அவர் விடல."

அடுத்த கட்டிலில் இருந்து எடைக்கல் அதிகாரியின் குரல் வந்தது. "நான் உங்களைச் சந்தேகப்படலை சிஸ்டர். நான் எல்லாரையும்தான் சந்தேகப்படுவேன்." யாரும் சிரிக்கவில்லை. அவரும் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

தையல்காரம்மா சுவரைப் பார்த்தபடியே கேட்டார். "அப்ப டிரைவர் அண்ணன்..."

டாக்டர் கையுறை போட்டுக்கொண்டு டப்பிலிருந்து தண்ணீரை இரண்டு குப்பிகளில் எடுத்தார். "இது வளர்ந்து வர ரெண்டு நாள் ஆகும்," என்றார். "அதுவரைக்கும் எதையும் உறுதியாச் சொல்ல முடியாது."

மணி 3.50. பெரிய சிஸ்டர் சாவிக்கொத்தை இடுப்பிலிருந்து கழற்றி சின்ன சிஸ்டரின் கையில் கொடுத்தார். அவள் வாங்காமல் நின்றாள். "பிடிடி," என்றார். "ஃபிரிட்ஜ் சாவி சின்னது. பூட்டுல கொஞ்சம் இடது பக்கமா அழுத்தித் திருப்பு."

தந்தி துப்பறிவாளரின் பக்கத்தில் வந்து நின்றான். "மேடம், அந்தப் பேரை நாம சொல்லணுமா?"

"சொல்லத்தான் கூலி கொடுக்கிறாங்க."

"எனக்கு வாய் வரலை மேடம்."

நாலு மணிக்கு ஒலிபெருக்கிப் பெட்டி கரகரத்தது. "மேடம், பேர் கிடைச்சுதா?"

துப்பறிவாளர் எழுந்திருப்பதற்குள் பெரிய சிஸ்டர் பெட்டியின் முன்னால் போய் பொத்தானை அழுத்தினார். தன் பெயரையும், பதவியையும், பணியில் சேர்ந்த வருடத்தையும் சொன்னார். பிறகு, "கதவைத் திறங்க சார். ஆறாம் நம்பருக்குக் குழாய் போடணும்," என்றார்.

கதவு 4.12க்குத் திறக்கப்பட்டது. அதிகாரிகள் டப்பை எடுத்துக்கொண்டு போனார்கள். பெரிய சிஸ்டரும் அவர்களுடன் போனார்.

மாலை 5.50க்குத் தையல்காரம்மாவின் வலது தொடையில் புதுக் குழாய் பொருத்தப்பட்டது. அன்று காலை வந்த பையைச் சின்ன சிஸ்டர் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து மேஜையில் ஒரு மணி நேரம் வைத்திருந்து மாட்டினாள். லேபிள் டேப் இல்லாமல் ஒட்டியது. தையல்காரம்மாவுக்குக் குளிர் எடுத்தது. இரண்டாவது கம்பளி கொடுத்தார்கள். அது ஐந்தாம் படுக்கையிலிருந்து வந்தது.

மார்ச் 13ஆம் தேதி டப் தண்ணீரில் அதே பூஞ்சை வளர்ந்தது. மார்ச் 23ஆம் தேதி தையல்காரம்மாவின் பூஞ்சை மருந்து நிறுத்தப்பட்டது. கண்களில் பாதிப்பு இல்லை. குழாய் அதே இடத்தில் இருக்கிறது. காய்ச்சல் வரவில்லை.